கோபுரத்தின் மேல் ஓர் ஆள்

மெல்பர்னில் இருக்கும் ஒரு கோபுரத்துக்கு வரலாறு எழுதித் தர வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, அந்தக் கோபுரத்துக்கு எத்தனை படி என்றுதான் நான் முதலில் கேட்டேன். முப்பது வருடம் செஞ்சிக் கோட்டையில் படம் வரைந்தவன் நான். கொத்தளம், காவல் மேடை, களஞ்சியம் என்று ஒவ்வொரு கல்லாக அளந்து தாளில் இறக்குவது உத்தியோகம். ஓய்வு பெற்றபோது மிஞ்சியவை ஒரு பெட்டி பேனாக்களும் இரண்டு கெட்டுப்போன முழங்கால்களும். அறுபத்து நான்கு படி என்றார்கள். செஞ்சியோடு ஒப்பிட்டால் அது ஒரு மொட்டை மாடி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டவர் குலசிங்கம். என் மகள் வித்யா சிட்னியில் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டதில் எனக்குக் கிடைத்த சம்பந்தி, மாப்பிள்ளையின் சித்தப்பா. மெல்பர்ன் புறநகரான மல்கிரேவில் அவர் வீடு; அங்கிருந்து காரில் கால் மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு முருகன் கோயிலுக்குப் பதினொரு வருடமாகச் செயலாளர். கோயிலுக்கு வாங்கிய நிலத்தில் பழைய தீயணைப்பு நிலையத்தின் கோபுரம் ஒன்று நின்றது. இடிக்கக் கூடாது என்று அந்த ஊர் கவுன்சில் சொல்லிவிட்டது. இடிக்க முடியாததைக் கும்பிட்டுவிடுவது நம் வழக்கம். மணியைத் தொங்கவிட்டு அதை மணிக்கோபுரமாக்கிவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். கவுன்சில் சரி என்றது. ஆனால் கோபுரத்தின் வரலாற்றை எழுதிக் கொடுங்கள், அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம் இருந்தால் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னது. வரலாற்றுக்குத்தான் நான்.

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி ஓர் இளம்பெண். வேப்பம்பூவை எடுத்துக்கொண்டாள். மோர் மிளகாயை மூக்கருகே கொண்டுபோய், கண்ணில் நீர் வர, அப்படியே திருப்பித் தந்தாள். "இது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்" என்றாள். எனக்கு அந்த நாடு அப்போதே பிடித்துவிட்டது.

ஹோம்புஷில் மகளுடைய ஃபிளாட்டில் இரண்டு நாள். கீழே இறங்கினால் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள். ஒன்றில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். தோசைக்குக் குறை சொல்ல முடியாது. சாம்பாரில் வெல்லத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு மாணவர்கள் அதையே மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தாய் சமைக்காத ஊரில் எதுவும் சாம்பார்தான்.

"அப்பா, குலசிங்கம் அங்கிள் ரொம்ப டென்ஷனா இருக்கார். நீங்க போய் உங்க பாணியில எதையாவது சொல்லிடாதீங்க" என்று வித்யா எச்சரித்தாள். என் பாணி என்னவென்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவும் இதையேதான் சொல்வாள்.

மூன்றாம் நாள் காலை மெல்பர்னுக்கு ரயில் ஏறினேன். பாதி வழியில் தண்டவாள வேலை என்று எல்லோரையும் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நம் ஊராக இருந்தால் ஒரு சின்ன மறியலாவது நடந்திருக்கும். இங்கே எல்லோரும் வரிசையில் நின்று ஓட்டுநருக்கு நன்றி சொல்லி ஏறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெரிய மனிதர் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை எடுத்து எனக்குப் பாதி தர முன்வந்தார். நான் சைவம் என்றேன். "எவ்வளவு நாளாக?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன். "கேட்கவே வருத்தமாக இருக்கிறது" என்று என் முழங்கையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிட்டார்.

வழியில் படிக்க ஒரு சிறு புத்தகம் இருந்தது. இந்த மாதிரி வரலாறு வேண்டும் என்று கவுன்சில் குலசிங்கத்துக்குக் கொடுத்து, அவர் எனக்கு அனுப்பியது. ஐரோப்பாவில் ஏதோ சிறு நகரத்துக் கோபுரத்தின் கதை. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து இடைக்காலத்தில் கட்டியிருக்கிறார்கள். ஆள் உயரச் சுவர்க் கனம், அம்பு எய்ய இடுக்குகள், மேலே நாலு பக்கமும் பார்க்க ஒரு மேடை. பிறகு ஊர் வளர்ந்தது, மதிலை இடித்தார்கள், கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து அதில் மணி கட்டினார்கள். சந்தை திறக்க ஒரு மணி, வாசல் சாத்த ஒரு மணி, தீப்பிடித்தால் ஒரு மணி. எதிரி என்று ஒருவரும் வராமல் நூறு வருடம் கழிந்த பின்னும் மேலே ஒரு காவலாளி இருந்துகொண்டே இருந்தானாம். அவன் சாப்பிடக்கூட இறங்கக் கூடாது. கூடையில் சோறு வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம்.

மாமியார் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன். நூறு வருடமாக எதிரி வரவில்லை என்றால் இறங்கி வந்து சாப்பிட்டால் என்ன?

குலசிங்கம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, ஒல்லி, கையில் எப்போதும் ஒரு கோப்பு. கட்டுமானப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு நேராகக் கோயிலுக்குத்தான் கூட்டிப்போனார். வீட்டில் சம்பந்தியம்மா சாப்பாடு வைத்துக் காத்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இந்தக் கோபுரத்தால் அந்த வீட்டில் ஆறிப்போன சாப்பாட்டுக்குக் கணக்கில்லை என்று சம்பந்தியம்மா சொன்னார்.

கோபுரம் நன்றாக இருந்தது. சிவப்புச் செங்கல், சதுரம், நாலு தட்டு. குறுகலான ஜன்னல்கள். உச்சியில் நாலு பக்கமும் திறந்த மேடை, அதன் மேல் ஒரு தகரக் கூரை. ஐரோப்பாக்காரனின் கோபுரத்தைக் கஞ்சி போட்டுத் துவைத்து, சுருங்கிப்போனதைக் காயப்போட்ட மாதிரி. மேடைக்குக் கீழ்த் தட்டில் கும்பகோணத்தில் வார்த்த வெண்கல மணி தொங்கியது. நான் கட்டிப்பிடித்தால் கைகள் எட்டாது. அதன் கயிறு தரைத்தளம் வரை வந்து, யாரும் இழுக்காதபடி சுருட்டி முடிச்சிட்டு, ஓர் அட்டையோடு தொங்கியது. அனுமதி வரும்வரை தொடக்கூடாது என்று அட்டை சொன்னது.

"ஒரேயொரு ஆட்சேபம் அண்ணை" என்றார் குலசிங்கம். "ஒரேயொரு ஆள். ஆரெண்டு கவுன்சில் சொல்லாது. பேரை மறைச்சுத்தான் கடிதத்தைத் தந்தவை. வாற வியாழக்கிழமைக்கிடையிலை அந்த ஆள் வாபஸ் வாங்காட்டி, விசாரணை, அது இதெண்டு இன்னும் ரெண்டு வருசம். கமிட்டிக்குப் பொறுமை போயிட்டுது. சிட்னியிலை ஒரு கோயில் மணியைக் கேட்டிருக்கினம். குடுத்திடுவம் எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"நீங்க?"

"எனக்குப் போன மாசம் நெஞ்சிலை ஸ்டென்ட் வைச்சவை. இன்னும் ரெண்டு வருசம் எண்டு நான் எதையும் யோசிக்கிறேல்லை." அதைச் சொல்லும்போது அவர் மணியைத்தான் பார்த்தார். இந்த மனிதருக்கு இது ஒலித்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. கோபுரத்தின் மேல் எனக்கிருந்த அலட்சியம் அங்கே போய்விட்டது.

ஆட்சேபிப்பவர் யார் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. கோயிலைச் சுற்றி உள்ள வெள்ளைக்காரர் வீடுகள் பதினான்கு. கூடவே ஒரு கிரேக்கக் குடும்பம், ஒரு சீனக் குடும்பம். எல்லா வீட்டுக்கும் மூன்று வெள்ளிக்கிழமைகளாகத் தட்டில் உளுந்து வடையும் கேசரியும் எடுத்துக்கொண்டு கமிட்டி போய்வந்திருக்கிறது. முக்கியச் சந்தேகம் ஒன்பதாம் இலக்க வீட்டுக் கிழவர் மேல். மூன்று முறையும் வடையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினாராம்.

"தமிழ் வீடு ஒண்ணும் இல்லையா இந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நாலு வீடு இருக்கு. அங்கை ஏன் போவான்? அவை எங்கட ஆக்கள் தானே."

மறுநாள் நானே கோயிலுக்குப் பஸ்ஸில் வருகிறேன் என்று வீரம் பேசினேன். நிறுத்தத்தில் நின்றேன். முதல் பஸ் நிற்காமல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது ஓட்டுநர் எனக்குக் கையசைத்துவிட்டே போனார். நம் ஊரில் நிறுத்தத்தில் பஸ் நிற்காது; தள்ளிப் போய் நிற்கும், ஓடிப் பிடிக்கலாம். இங்கே தள்ளியும் நிற்கவில்லை. நான்காவதுக்குக் காத்திருந்தபோது ஒரு சின்னக் கார் வந்து நின்றது.

"கோயிலுக்கு வந்திருக்கிற இந்தியா அண்ணை தானே? ஏறுங்கோ. இஞ்சை கை காட்டோணும் அண்ணை. கை காட்டாட்டி ஒருத்தரும் நிக்காயினம்."

அவர் பெயர் ரஞ்சிதம். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு முதியோர் இல்லத்தில் ராவேலை செய்துவிட்டு, காலையில் சிறிது தூங்கி எழுந்து, பத்தரைக்கு வந்து கோயில் குசினியில் மத்தியானச் சோறு சமைப்பவர். வீடு கோயிலுக்குப் பின் தெருவில். கமிட்டி வெள்ளைக்காரர்களுக்குக் கொண்டுபோன வடைகளையும் அவர்தான் சுட்டிருக்கிறார். அன்று எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் போட்டு, நான் எழும்வரை பக்கத்தில் நின்றார். "இந்தியாக்காரருக்கு உறைப்புக் கூடிப்போச்சோ தெரியேல்லை" என்றார். கூடத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லி மறுசோறு வாங்கினேன்.

கோபுரத்தை அளக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள் குலசிங்கம் என் கூடவே ஏறி வந்தார். மணிக்குப் பக்கத்தில் நின்றதும் அவரால் இருக்க முடியவில்லை. "சத்தத்தைக் கேக்காமல் வரலாறு எழுதேலுமே? ஒரேயொருக்கா. கவுன்சிலுக்குக் கேக்காது" என்று ஒரு மரச்சுத்தியலை எடுத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார். வெண்கலத்துக்கு அது தெரியவில்லை. என் பல் ஆடியது.

சத்தம் அடங்கியதும் தண்ணீர் குடிக்கக் கீழே குசினிக்குப் போனேன். யாரும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பூசணிக்காய் பாதி வெட்டினபடி கிடந்தது. குனிந்து பார்த்தால் ரஞ்சிதம் அந்த எவர்சில்வர் மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார்.

"கத்தி விழுந்திட்டுது. தேடுறன்" என்றார்.

கத்தி அவர் கையில் இருந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மாலையே ஒன்பதாம் இலக்க வீட்டுக்கு வடையோடு போனோம். குலசிங்கம் கதவைத் தட்டி, புன்னகையைச் சரிசெய்துகொண்டு நின்றார். கதவைத் திறந்தவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். பெயர் கெவின். வடையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"மூன்று வாரமாகக் கேட்க நினைக்கிறேன்" என்றார். "நீங்கள் ஏன் எனக்கு இதைத் தருகிறீர்கள்? எனக்கு ஏதாவது வியாதி என்று யாராவது சொன்னார்களா?"

மணிச் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று குலசிங்கம் சுற்றி வளைத்துக் கேட்டார். கெவின் "என்ன?" என்றார். குலசிங்கம் மறுபடி சொன்னார். கெவின் மறுபடி "என்ன?" என்றார். மூன்றாம் முறை ஓர் எழுதும் அட்டையை எடுத்துவந்து நீட்டினார். அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. என் சம்பந்தியின் முகத்தில் மூன்று வெள்ளிக்கிழமை வடையும் ஒருசேரத் தெரிந்தது.

ஆனால் எனக்கு அந்த வீட்டில்தான் புதையல் கிடைத்தது. கெவின் வாலிபத்தில் அதே நிலையத்தில் தொண்டராக வேலை செய்தவர். அவருடைய தகப்பனாரும் அங்கேதான். ஊர் முழுக்க மரவீடுகளாக இருந்த காலத்தில், புகை தெரிகிறதா என்று பார்க்கக் கட்டிய கோபுரம் அது. யுத்தக் காலத்தில் அவர் தகப்பனார் மேலே உட்கார்ந்து போகிற வருகிற விமானங்களைக் குறித்தாராம். இந்தப் பக்கம் எதிரி விமானம் எதையும் அவர் பார்த்ததில்லையாம். பிறகு சைரன் வந்தது, பழைய மணி போனது, நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கிற இடமாயிற்று கோபுரம்.

"மணி இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி மணி அடிப்போம்" என்றார். "ஆனால் ஒரு விதி. முதலில் ஒருவன் மேலே போய் நாலு பக்கமும் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்று அவன் கத்தினால்தான் கீழே இருப்பவன் கயிற்றைத் தொடலாம். நிஜமாகவே எங்கேயாவது தீப்பிடித்திருக்கும்போது நாம் விளையாட்டுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தால்? ஊர் நம்மை நம்பித் தூங்குகிறதே."

அன்றிரவு சாப்பிட்ட பின் அந்த ஆட்சேபக் கடிதத்தைக் குலசிங்கத்திடம் வாங்கிப் படித்தேன். சுத்தமான ஆங்கிலம். கடவுள் மேல் எனக்குக் குறை இல்லை என்று தொடங்கியது. நடுவில் ஒரு வரி: மணி தொடர்ந்து ஒலித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஒரே ஒரு முறை அடித்து நின்றுபோவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இது விசர்க் கதை" என்றார் குலசிங்கம். "இன்னும் அடிக்கத் தொடங்கவே இல்லை. ஒருமுறை அடிச்சு நிண்டதை இந்த ஆள் எங்கை கேட்டது?"

"மணி வந்து இறங்கின அன்னிக்கு அடிச்சுப் பார்த்தீங்களா?"

"ஓம். கீழை வைச்சு ஒருக்காத் தட்டிப் பாத்தனாங்கள். கதவெல்லாம் பூட்டித்தான். கோயிலுக்கை நிண்ட ஆக்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்."

சொல்லிவிட்டு அவர் கோப்பை மூடினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வித்யாவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ரஞ்சிதம் என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவிட்டார். அவர்தான் தொடங்கினார்.

"மேசைக்குக் கீழை என்னைக் கண்டனீங்கள் தானே."

"ஆமாங்க."

"குலசிங்கம் அண்ணைக்குச் சொன்னனீங்களே?"

"இல்லைங்க."

"மகள்தான் இங்கிலீசிலை எழுதித் தந்தவள். பேரைப் போடாமல் விடச் சொல்லிக் கேட்டதும் அவள்தான்." ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றார். "சண்டை நேரத்திலை எங்கட ஊர்க் கோயில் மணிக்கோபுரத்திலை எப்பவும் ஒராள் நிக்கும். குண்டு போட பொம்பர் வாறது தெரிஞ்சா மணி அடிக்கும். நாங்கள் பங்கருக்கை ஓடுவம். அண்டைக்கு மேலை நிண்டது என்ரை தம்பி. மத்தியானம் நான்தான் சோறு கொண்டு போனனான். கீழை நிண்டு கூப்பிட்டனான், இறங்கி வந்து சாப்பிடடா, ஆறப் போகுதெண்டு. அவன் மாட்டன் எண்டவன். நான் விடேல்லை. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டனான்."

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவர் மெதுவாகக் காரை எடுத்தார்.

"ரெண்டு வாய்தான் சாப்பிட்டவன். இரைச்சல் கேட்டுது. கை கழுவாமல் திருப்பி ஏறினவன். மணி ஒருக்கா அடிச்சது. பிறகு அடிக்கேல்லை."

என் வயிற்றில் அவர் போட்ட சோறு இருந்தது. மூன்று நாளாக, ஆறுவதற்குள் சாப்பிடுங்கோ என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மணி வேண்டாமெண்டு இல்லை அண்ணை" என்றார் அவர். "குலசிங்கம் அண்ணை பாவம். ஆனா மணி அடிக்கேக்கை மேலை என்ன வருதெண்டு ஆர் பாக்கினம்? ஒருத்தரும் பாக்கிறேல்லை. கயிறை மட்டும் இழுக்கினம்."

இந்த ஊர் வானத்தில் ஒன்றும் வராது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைக் கெவினுடைய தகப்பனாரும் மேலே உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆகவே கெவின் சொன்ன விதியை மட்டும் சொன்னேன். முதலில் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் கயிறு.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். பிறகு, "மேலை நிண்டா நாலு பக்கமும் வடிவாத் தெரியுமே?" என்று கேட்டார்.

"நான் அளந்துட்டேன். மறைப்பு ஒண்ணும் இல்லைங்க."

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து வரலாற்றை எழுதினேன். மாதிரிப் புத்தகத்தின் அளவுக்கு வரவில்லை. எங்கள் கோபுரத்துக்கு என் தாத்தா வயதுதான். ஆனால் அந்த விதிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். கெவின் சொன்னபடியே எழுதி, இந்தக் கோபுரத்தின் மரபு இதுதான், இதை விட்டுவிட்டால் வெறும் செங்கல்தான் மிஞ்சும் என்று முடித்தேன். மாப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்பினார். கவுன்சிலில் யாரோ அந்தப் பக்கத்தில் மயங்கிவிட்டார்கள் போலும். ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் முன் ஒருவர் உச்சியில் நின்று நாலு திசையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே சேர்த்துவிட்டார்கள்.

நிபந்தனை என்றால் குலசிங்கம் முருகனுக்குப் பயப்படுவதைவிட அதிகம் பயப்படுவார். கமிட்டியைக் கூட்டி, அனுமதி வந்தால் ஞாயிற்றுக்கிழமை யார் ஏறுவது என்று கேட்டார். அறுபத்து நான்கு படி என்றதும் எல்லோருக்கும் அன்று வேறு வேலை வந்துவிட்டது. குசினிக் கதவில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற ரஞ்சிதம், "நான் ஏறுறன்" என்றார்.

மறுநாள் காலை ஆட்சேபம் வாபஸ் ஆனதாகக் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது.

"பாத்தீங்களே அண்ணை, வடை வேலை செய்திட்டுது" என்றார் குலசிங்கம். அவர் கண்கள் கலங்கியிருந்தன. சீன வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும், நல்ல மனுசன் என்றார். நல்ல மனசுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மணியை முதன்முதலாக ஒலிக்கும் விழா. நல்ல நேரம் பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று குருக்கள் குறித்துக் கொடுத்திருந்தார். கெவின் பழைய தொப்பியோடு வந்து, ரஞ்சிதத்துக்கு ஒரு காதுக் கவசம் கொடுத்தார். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பட்டுச் சேலைக்குக் கீழே ஓட்டப் பந்தய ஷூ போட்டிருந்தார். கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஏறினார்.

குலசிங்கம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். உச்சியில் அவர் தலை தெரிந்தது. கிழக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். வடக்கே பார்த்துத் திரும்பியபோது, தெற்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் உண்டு. வெள்ளை நிறத்தில் ஒன்று, தாழ்வாக, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது.

மேலே அவர் தலை மறைந்தது.

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு. "சொல்லச் சொல்லுங்கோ, நேரம் போகுது" என்றார். கமிட்டியில் ஒருவர், அது சும்மா பிளேன்தானே, அடியுங்கோ என்றார். குலசிங்கம் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"மேல இருந்து சொல்லலை. நிபந்தனைங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். பதினொரு வருடம் காத்திருந்தவர் அந்த ஐந்து நிமிடமும் காத்திருந்தார். அதற்காக அவரை நான் என்றும் மறக்க மாட்டேன்.

விமானம் கோயிலைக் கடந்து, ஒரு வட்டம் போட்டு, வந்த பக்கமே போனது. சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மெல்ல அவர் தலை மேலெழுந்தது. மறுபடி கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒழுங்காகப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை" என்று குரல் வந்தது. "அடியுங்கோ. நிப்பாட்டாமல் அடியுங்கோ."

குலசிங்கம் அடித்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர் அடிக்கிற அடியா அது. அவர் களைத்ததும் கெவின் கயிற்றை வாங்கினார். கையில் அதிர்வு தெரிகிறது என்று சிரித்தார். பிறகு இன்னொருவர், இன்னொருவர். அனுமதித்த நேரம் முழுக்க மணி ஒரு கணமும் நிற்கவில்லை.

பூசை முடிந்து இலை போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சமைத்தவர் மட்டும் வரவில்லை. குலசிங்கம் கோபுரத்தடிக்குப் போய் வாய்க்கு இருபுறமும் கையை வைத்துக்கொண்டார். "ரஞ்சிதம், சாப்பாடு ஆற" என்று அவர் தொடங்குவதற்குள் நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துவிட்டேன். என் முழங்கால்கள் ஓடிப் பல வருடமாயிற்று. அவர் திகைத்துப் பார்த்தார். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

ஒரு தட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வாங்கிக்கொண்டேன். இன்னொரு தட்டில் எனக்கு. ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூடி, ஒரு பையில் போட்டு, தண்ணீர்ப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். முப்பதாவது படியில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்தில் மறுபடி உட்கார்ந்தேன். அந்த ஐரோப்பாக்காரர்கள் கூடையும் கயிறும் வைத்தது எவ்வளவு புத்தி என்று அங்கே உட்கார்ந்துதான் ஒப்புக்கொண்டேன்.

மேலே ரஞ்சிதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க" என்றேன். "நான் பார்த்துக்கிறேன்."

அவர் சாப்பிட்டார். நான் எழுந்து நின்று, கிழக்கே, தெற்கே, மேற்கே, வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.